திருநெல்வேலியிலிருந்து லடாக் வரை கேரவனில்: ஓய்வுபெற்ற தம்பதியர் எதை முதலில் ஆயத்தம் செய்ய வேண்டும்?

பாளையங்கோட்டையிலிருந்து ஓர் அண்ணாச்சி கேட்டிருக்கிறார். அவருக்கு வயது 68, அஞ்சல் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய துணைவியார் 64 வயதுடைய முன்னாள் பள்ளி ஆசிரியை. 2014 மாடல் டீசல் டிராவலர் வேன் ஒன்று விலைக்கு வருகிறதாம். அதை வாங்கிக் கேரவனாக மாற்றி, 45 நாளில் மணாலி வழியாக லடாக் போய், காஷ்மீர் பார்த்துத் திரும்ப வேண்டும் என்பது திட்டம். எத்தனை வாட் சோலார் தகடு, எவ்வளவு பேட்டரி, எவ்வளவு பெரிய தண்ணீர்த் தொட்டி வைக்கலாம் என்பது கேள்வி. ஆனால் கடைசி வரியில், ‘இருவருக்கும் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது, பிள்ளைகள் பயப்படுகிறார்கள்’ என்று ஒரு செய்தியையும் சேர்த்திருக்கிறார். அந்தக் கடைசி வரியைத்தான் நான் உண்மையான கேள்வியாக எடுத்துக்கொள்கிறேன்: இந்த வயதில், இந்த உடம்போடு, போய்விட்டு நலமாகத் திரும்பி வர முடியுமா? முடியும் என்பதே என் பதில். ஆனால் 45 நாளில் முடியாது, மணாலி வழியாக ஏறவும் கூடாது.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். களக்காட்டுப் பக்கம் பிறந்த நான், இராணுவத்தின் வாகனப் பணிமனைகளில் 24 ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் லடாக்கில். ஓய்வுக்குப் பின் ஊரிலேயே பட்டறை வைத்திருந்தேன். நானும் என் மனைவியும் எங்கள் வேனில் மூன்று முறை வடக்கே போய் வந்திருக்கிறோம். வண்டியைப் பற்றி நான் சொல்வதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். உடம்பைப் பற்றிச் சொல்வதை, நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் மருத்துவன் அல்லன்.

முதலில், ஐயத்துக்கு இடமில்லாதது. கடல் மட்டத்திலிருந்து 2,500 மீட்டருக்கு மேல் போகும் எவருக்கும், எந்த வயதிலும், உயர நோய் வரலாம். லே நகரம் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் நம்மூரில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான், ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறைந்துவிடுகிறது. உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் அதற்கு நாள் கொடுக்க வேண்டும். இராணுவத்தில் 9,000 அடி முதல் 12,000 அடி வரையுள்ள உயரத்துக்கு 6 நாள், அங்கிருந்து 15,000 அடி வரை ஏற மேலும் 4 நாள், அதற்கும் மேலே இன்னும் 4 நாள் என்று இருபது வயதுச் சிப்பாய்களையே நிறுத்திவைத்துத்தான் அனுப்புவார்கள். மலை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் விதி, 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு இரவு உறங்கும் இடத்தின் உயரம் நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை ஏறாமல் ஒரு நாள் தங்க வேண்டும் என்பது. பகலில் எந்தக் கணவாயைக் கடந்தோம் என்பதைவிட இரவில் எங்கே தலை சாய்த்தோம் என்பதையே உடம்பு கணக்கில் வைத்துக்கொள்கிறது.

இதையெல்லாம் அறிந்திருந்த நானே முதல் பயணத்தில் தவறு செய்தேன். மணாலியிலிருந்து கிளம்பி, கேலாங்கில் ஒரே ஓர் இரவு தங்கிவிட்டு, மறுநாள் பாரலாச்சா கணவாயைத் தாண்டி, சுமார் 4,300 மீட்டரில் இருக்கும் சர்ச்சுவில் வண்டியை நிறுத்தினேன். எந்த ஊரில் இருந்தாலும் மாலைத் தேநீரை விடாதவள் என் மனைவி. அன்று நான் போட்டுக் கொடுத்த தேநீரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குடிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். தலைவலி என்றாள், இரண்டு முறை வாந்தி எடுத்தாள், விடியும் முன் கூந்தலை முடியப் போனவளுக்கு விரல்கள் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. அந்த இடத்தின் கொடுமை என்னவென்றால், ஒரு பக்கம் பாரலாச்சா, மறுபக்கம் அதைவிட உயரமான கணவாய்கள். கீழே இறங்க வேண்டும் என்றால் முதலில் மேலே ஏற வேண்டும். கையில் இருந்த ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து மூக்கில் வைத்துவிட்டு, வெளிச்சம் வந்ததும் வந்த வழியே 4,890 மீட்டர் கணவாயை ஏறித் தாண்டி, 3,200 மீட்டரில் இருக்கும் ஜிஸ்பாவுக்கு இறக்கிக் கொண்டுவந்தேன். மதியம் தயிர்ச்சோறு கேட்டாள். அன்றைக்கு மேலேயே தங்கிப் பார்ப்போம் என்று நினைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் என்னால் நினைத்துப்பார்க்க முடியவில்லை.

அதனால்தான் ஸ்ரீநகர் வழியாக ஏறுங்கள் என்று வற்புறுத்துகிறேன். ஸ்ரீநகர் 1,585 மீட்டர். அங்கே நான்கு நாள் தங்குங்கள். அடுத்து சுமார் 2,700 மீட்டரில் உள்ள சோனமார்க்கில் இரண்டு இரவு. 3,528 மீட்டர் சோஜிலா கணவாயைப் பகலில் கடந்து, திராஸில் தங்காமல், 2,676 மீட்டரில் உள்ள கார்கிலுக்கு இறங்கிவிடுங்கள். அங்கே இரண்டு மூன்று இரவு. பிறகு ஃபோட்டு லா கணவாயை (4,108 மீட்டர்) கடந்து, 3,100 மீட்டர் அளவில் சிந்து நதிக்கரையில் இருக்கும் அல்ச்சியில் ஓர் இரவோ இரண்டோ தங்கிவிட்டு லே போய்ச் சேருங்கள். லேயில் முதல் இரண்டு நாள் கடைத்தெருவுக்குக்கூட நடக்க வேண்டாம். படிப்படியாக ஏறுவதற்கு இந்தச் சாலையே துணைசெய்கிறது. மணாலிச் சாலை அப்படி அமையவில்லை. கர்துங் லா போன்ற 5,000 மீட்டருக்கு மேற்பட்ட கணவாய்களை, லேயில் ஒரு வாரம் கழிந்த பின் பகலில் தொட்டுவிட்டு அன்றே இறங்கலாம். அதுவும் இருவரும் நன்றாகத் தூங்கி எழுந்த நாளில் மட்டும்.

உங்கள் மருத்துவரிடம் நான்கு விஷயங்களை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். முதலாவது, இதயத்துக்கு எக்கோவும் டிரெட்மில் சோதனையும். இரண்டாவது, உயரத்தில் முதல் சில நாள் இரத்த அழுத்தம் கூடுவது வழக்கம் என்பதால், வீட்டுக் கருவியில் எந்த எண்ணைக் கண்டால் மாத்திரையை மாற்ற வேண்டும் என்பது. மூன்றாவது, உயர நோயைத் தடுக்கக் கொடுக்கப்படும் அசிட்டசோலமைடு மாத்திரை உங்களுக்கு ஏற்றதா என்பது. சல்ஃபா மருந்து ஒவ்வாமை முன்பு வந்திருந்தாலோ, அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிட்டுவந்தாலோ அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நான்காவதைப் பலரும் கேட்பதில்லை, ஆனால் நான் மிகவும் அஞ்சுவது அதற்குத்தான்: சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, உயரத்தில் பசி கெட்டுச் சாப்பாடு குறையும்போது சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். தலைவலி, சோர்வு, நிதானமின்மை என்று அதன் அடையாளங்கள் உயர நோய் போலவே இருக்கும். அங்கே தலை சுற்றினால் முதலில் விரலில் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள். குளுக்கோமீட்டர் கடுங்குளிரில் சரியாக வேலை செய்யாது. இரவில் அதைப் போர்வைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ அதற்கு மேல் யோசனையே வேண்டாம்; இறங்க வேண்டியதுதான்.

அடுத்தது காலம். குற்றாலத்தில் சாரல் கொட்டும்போது பாளையங்கோட்டையில் காற்று மட்டும் வீசுகிறதல்லவா, அதேபோலத் தென்மேற்குப் பருவமழை இமயத்தின் தெற்குச் சரிவில் கொட்டித் தீர்த்துவிட்டு லடாக்கை வறளவிடுகிறது. ஆகவே ஜூலை, ஆகஸ்டில் லடாக் நன்றாக இருந்தாலும், அதற்குப் போகும் மலைச்சாலைகள் சரிந்துகொண்டிருக்கும்; 2025 ஆகஸ்ட் இறுதி மழையில் ஜம்மு–ஸ்ரீநகர் சாலை பல நாள் அடைபட்டுக் கிடந்தது. அமர்நாத் யாத்திரை வழக்கமாக நம் ஆவணி அவிட்டத்தை ஒட்டி வரும் ரக்ஷா பந்தன் பௌர்ணமியில் முடியும். அதுவரை அந்தச் சாலையில் நெரிசலும் கட்டுப்பாடும் உண்டு. மே, ஜூனில் கிளம்பினால் நாக்பூரில் 45 டிகிரி வெயிலில், தகர உடம்புக்குள் உறங்க வேண்டியிருக்கும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஆவணி பிறந்ததும் கிளம்பி, தக்காணத்தின் மழைக்காலக் குளிர்ச்சியில் மெல்ல ஏறி, பருவமழை வடமேற்கிலிருந்து பின்வாங்கத் தொடங்கும் செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் ஜம்முவை அடைவேன். லேயிலிருந்து அக்டோபர் 10-க்குள் வந்த வழியே இறங்கிவிடுவேன். அதற்குப் பின் பனி எந்த நாளில் விழும், சோஜிலா எந்த நாளில் மூடும் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. சாலை அடைபட்டால் இருந்த இடத்திலேயே ஒரு வாரம் இருக்கும்படியாகத் திட்டத்தில் நாள் விடுங்கள்.

இப்போது நாட்கணக்குக்கு வருகிறேன். நம்மூர் வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலை 44 கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை ஏறத்தாழ 3,700 கி.மீ. நாளொன்றுக்கு 200 கி.மீ. போனால் ஓட்டும் நாள் மட்டும் 18, 19 ஆகும். மூன்று நாள் ஓட்டினால் ஒரு நாள் நின்று ஓய்வெடுங்கள். மாலை 4 மணிக்கு வண்டி நின்றுவிட வேண்டும். 65 வயதுக்கு மேல் எதிர்விளக்கின் கூச்சத்திலிருந்து கண் மீள்வதற்குத் தாமதமாகிறது, ஆகையால் இரவில் ஓட்டவே கூடாது. இப்படிக் கணக்கிட்டால் போக வர மூன்று மாதம் ஆகும். விடுப்பு எடுத்து வரும் இளைஞர்களுக்குத்தான் 45 நாள் கணக்கு. உங்களுக்கு மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வருகிறது, நேரம் ஒன்றுதான் அந்த இளைஞர்களைவிட உங்களிடம் கூடுதலாக இருக்கும் செல்வம். மதினிக்கு வண்டி ஓட்டத் தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. தெரியாவிட்டால் கிளம்பும் முன் உரிமம் எடுத்து, அந்த வேனிலேயே பழகட்டும். கணவருக்கு நெஞ்சு வலித்த நேரத்தில் மனைவிக்கு வண்டியைக் கிளப்பத் தெரியாமல் இருப்பது, எந்தப் பழுதைவிடவும் பெரிய பழுது.

வேனைப் பற்றி. 2014 மாடல் டீசல் வண்டி வேண்டாம் என்பேன். எஞ்சின் நன்றாகவே இருக்கலாம். சிக்கல் சாலையில் இருக்கிறது. தில்லித் தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் ஓடுவதற்குப் பசுமைத் தீர்ப்பாயமும் உச்ச நீதிமன்றமும் தடை விதித்திருந்தன. நடைமுறையில் அது இறுகுவதும் தளர்வதுமாக இருந்துவருகிறது. அந்த வட்டாரம் தில்லி நகரத்தோடு முடிவதில்லை, நெடுஞ்சாலை 44-இல் வரும் பல்வல், ஃபரிதாபாத், சோனிபத், பானிபத் எல்லாம் அதற்குள் அடங்கும். இந்த வேனைத்தான் வாங்குவீர்கள் என்றால், ஜான்சியிலிருந்து மேற்கே திரும்பி, கோட்டா, ஜெய்ப்பூர், சூரு, ஹனுமான்கர், பட்டிண்டா என்று சுற்றிப் போக ஆயத்தமாக இருங்கள். இன்னொன்று, பதிவுச் சான்று. பயணிகள் வேனுக்குள் கட்டில், அடுப்பு வைத்துவிட்டால் அது கேரவன் ஆகிவிடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, வண்டியின் அமைப்பை மாற்றினால் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும். அது இல்லாவிட்டால் விபத்து நேரும்போது காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க இடமுண்டு. பணம் கைமாறும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிடுங்கள். தூத்துக்குடி, திருச்செந்தூர்ப் பக்கம் ஓடிய வண்டியானால் அடிச்சட்டத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். உப்புக்காற்று தின்ற இரும்பு மேலே பூசிய பெயின்டில் தெரியாது, ஓசையில் தெரிந்துவிடும்.

இயந்திரத்தில் நம்மூர் வண்டிகளுக்கே உரிய குறை ஒன்று உண்டு. நமக்குக் குளிர் என்பதே தெரியாததால், ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரை ஊற்றியே ஓட்டிவிடுகிறோம். லேயில் அக்டோபர் இரவுகளில் அந்தத் தண்ணீர் உறைந்து விரியும். விரிந்தால் ரேடியேட்டரோ எஞ்சின் பிளாக்கோ வெடித்துவிடும். முழுவதையும் வடித்துக் கழுவிவிட்டு, கூலன்டும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதியாகக் கலந்து நிரப்புங்கள். அது ஏறத்தாழ மைனஸ் 35 டிகிரி வரை தாங்கும். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் குணம் உடையது. இரண்டு ஆண்டு பழையதானால், நீண்ட இறக்கத்தில் சூடேறிக் கொதித்து, மிதி கட்டை வெறுமனே இறங்கிவிடும். அதைப் புதிதாக மாற்றுங்கள். இறங்கும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதற்கும் ஒரு கியர் குறைத்தே இறங்குங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். ஐந்தாண்டு கடந்திருந்தால், பட்டன் தேயாமல் இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

நீங்கள் கேட்ட சோலார் கணக்கு எளிதானது. சிறிய 12 வோல்ட் குளிர்பெட்டி, இரண்டு மின்விசிறி, விளக்கு, கைப்பேசி என்றால் 400 வாட் தகடும் 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியும் போதும். ஓடும்போது வண்டியின் ஆல்டர்னேட்டரிலிருந்தும் (எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் கருவி) ஏற்றிக்கொள்ள ஒரு சார்ஜர் வையுங்கள். லித்தியம் பேட்டரியைப் பூஜ்ஜிய டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது, ஆகவே அது வண்டிக்கு உள்ளேயே இருக்கட்டும். மின் அடுப்பு மட்டும் வேண்டாம்: 2,000 வாட் அடுப்பு, இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்து, 12 வோல்டில் 170 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். எங்கள் வேனில் உள் வேலை செய்த பட்டறையார் பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே மெல்லிய வயரைப் போட்டு, ஃபியூஸையும் விட்டுவிட்டார். மத்தியப் பிரதேசத்தில் சாகர் நகருக்கு அருகே பிளாஸ்டிக் கருகும் நெடி வந்து, இருக்கையைத் தூக்கிப் பார்த்தபோது வயரின் மேலுறை மெழுகாக வழிந்துகொண்டிருந்தது. பேட்டரியின் பாசிடிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். இதை உங்கள் கண்ணால் பார்க்காமல் பட்டறைக்குப் பணம் கொடுக்காதீர்கள். தண்ணீர் 100 லிட்டர் போதும். லிட்டருக்கு ஒரு கிலோ கூடுகிறது. எல்லாம் ஏற்றி, நீங்கள் இருவரும் உட்கார்ந்தபடி, ஒரு முறை எடைமேடையில் நிறுத்தி, பதிவுச் சான்றில் உள்ள மொத்த எடைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

சமையல் எரிவாயுவுக்கு 5 கிலோ சிலிண்டர் இரண்டு போதும். எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும், ஆகவே சிலிண்டர் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் துளை வேண்டும். குளிருக்காக அடுப்பையோ கரியையோ மூட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு ஒருபோதும் உறங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதைக் கண்டறிந்து ஒலிக்கும் சிறு கருவி ஒன்றைக் கட்டில் அருகே மாட்டுங்கள். லேயில் தண்ணீர் ஏறத்தாழ 88 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பானையில் சோறு வேக வெகுநேரம் ஆகும், நடுவில் விறைத்து நிற்கவும் கூடும். குக்கர் இல்லாமல் போகாதீர்கள். இட்லி மாவு அங்கே புளிக்காது, அதனால் ரவையும் அவலும் எடுத்துக்கொள்ளுங்கள். காற்றுப்புகாமல் ஒட்டிய பொடிப் பொட்டலங்கள் ஏற ஏறப் பலூன் போல உப்பும்; ஃபோட்டு லாவில் எங்கள் பருப்புப்பொடிப் பை வெடித்து, கட்டில் முழுவதும் பூசிவிட்டது. பொடிகளைத் திருகுமூடி டப்பாக்களில் வைத்து, ஏற்றத்தில் ஒரு முறை மூடியைத் தளர்த்தி இறுக்குங்கள்.

கழிப்பறை வசதியில் சிக்கனம் வேண்டாம். உயரத்தில் இயல்பாகவே இரவில் சிறுநீர் கூடுதலாகப் போகும், அசிட்டசோலமைடும் அதைக் கூட்டும். உறைபனியில் இரவு மூன்று முறை வெளியே இறங்குவது முதியவர்களுக்கு ஆபத்து. கழற்றித் தூக்கும் வகைப் பெட்டிக் கழிப்பறை போதும், பெட்ரோல் பங்குக் கழிப்பறையில் கேட்டுக் கொட்டிக் கழுவிக்கொள்ளலாம். இரவு நிறுத்துவதற்கும் பெரிய பங்குகளும் குருத்துவாரா வளாகங்களும்தான் எங்களுக்கு எப்போதும் கைகொடுத்தவை.

ப்ரீபெய்டு சிம் நம்மூரிலிருந்து கொண்டுபோனால் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது. ஒரு மாதம் முன்பே போஸ்ட்பெய்டாக மாற்றிவிடுங்கள். மத்திய அரசு ஓய்வூதியர் என்பதால் நவம்பரில் நீங்கள் வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும், அப்போது பெரும்பாலும் வழியில்தான் இருப்பீர்கள். முகம் காட்டிக் கைப்பேசியிலேயே சமர்ப்பிக்கும் முறையை ஊரில் இருக்கும்போதே நிறுவிப் பழகிக்கொள்ளுங்கள். மதினியின் ஓய்வூதிய நேர்காணல் எந்த மாதத்தில் வருகிறது என்பதையும் கருவூலத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வண்டி ஆயத்தமானதும் முதல் ஒத்திகையாகக் குற்றாலத்தில் இரண்டு இரவு, யார் வீட்டிலும் தங்காமல், வேனிலேயே உறங்குங்கள். அடுத்ததாக மார்கழியில் கொடைக்கானலுக்கு ஏறி, 2,100 மீட்டர் குளிரில் நான்கு இரவு கழியுங்கள். வத்தலக்குண்டு ஏற்றத்தில் எஞ்சின் சூட்டையும் இறக்கத்தில் பிரேக்கையும் பாருங்கள். காலையில் எழுந்ததும் இருவரின் அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். திரும்பி வந்து அந்த நோட்டை மருத்துவரிடமும், பயப்படும் பிள்ளைகளிடமும் காட்டுங்கள். பிறகு ஆவணிக்கு இன்னும் ஏழெட்டு மாதம் இருக்கும். கண்ட குறைகளைச் சரிசெய்ய அது போதும்.